ஆயிரத்தொரு செக்கன்

எங்கள் வீட்டில் 'நாடா' என்றால் அது தறியில் ஓடுவது. மூத்தவாப்பா கயிற்றை வெட்டி இழுக்க, நூலைத் தாங்கிய அந்த மரத்துண்டு பாவின் நடுவால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாயும். 'ஒலிநாடா' என்ற சொல்லைச் சின்ன வயதில் ஒரு புத்தகத்தில் வாசித்தபோது, தறி நாடாவின் சத்தத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அது பிழை என்று காக்கா சிரித்துக்கொண்டே திருத்தினார். ஆனால் சென்ற மாரியில் தொடங்கி நான் செய்து பார்த்த ஒரு வேலைக்குப் பிறகு, அது அவ்வளவு பெரிய பிழையுமில்லை என்று தோன்றுகிறது.

அந்த வேலை, சத்தங்களை வட்டமாகச் சுழலவிட்டு ஆம்பியன்ட் இசை செய்வது. 'ஆம்பியன்ட்' என்றால் சுற்றியிருப்பது, சூழ்ந்திருப்பது. இந்த இசையில் பல்லவி இல்லை, பாடுபவர் இல்லை, கால் தட்டும் தாளமும் பெரும்பாலும் இல்லை. ஓர் அறையில் வெளிச்சம் இருப்பதுபோல அது இருக்கும். கவனித்துக் கேட்டால் கேட்கலாம், கேட்காமல் வேறு வேலை பார்த்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. இதற்கு அந்தப் பெயரைப் பரப்பியவர் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர். 1975 இல் ஒரு வாகன விபத்துக்குப் பின் அவர் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் கொண்டுவந்த பழைய யாழிசை இசைத்தட்டொன்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மிகக் குறைவாக இருந்தது. ஒரு பக்க ஒலிபெருக்கி வேலையும் செய்யவில்லை. எழுந்து போய்க் கூட்டிவைக்க ஈனோவால் முடியவில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்தின் நடுவே யாழின் பலத்த சுரங்கள் மட்டும் இடைக்கிடை மேலே வந்து போயின. அப்படியே கிடந்து கேட்டதில்தான், சூழலின் ஒரு பகுதியாகவே இருக்கக்கூடிய இசை பற்றிய எண்ணம் தனக்கு வந்ததாக அவர் எழுதியிருக்கிறார். எழுந்து போக முடிந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ!

இதற்கு அடிப்படை 'லூப்'. ஒரு சிறு சத்தத்தை வெட்டி எடுத்து, அதன் வாலை அதன் தலையோடு ஒட்டிவிட்டால் அது முடிவில்லாமல் சுழலும். 1948 இல் பாரிஸ் வானொலியில் வேலை செய்த பியர் ஷேஃபர், புகையிரத நிலையத்தில் பதிவு செய்த சத்தங்களைக் கொண்டு ஓர் ஆக்கம் செய்தார். அப்போது அவரிடம் ஒலிநாடா இல்லை. இசைத்தட்டின் பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டு, ஊசி அதே இடத்தையே திரும்பத் திரும்பச் சுற்றும்படி செய்தார். பெரும்பாலான கட்டுரைகள் கதையை இவரிடமிருந்துதான் தொடங்குகின்றன. எனக்கு அதில் கொஞ்சம் கோபம். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே, 1944 இல், கெய்ரோவில் ஹலீம் எல் தப்ஹ் என்ற எகிப்திய இளைஞர் வானொலி நிலையமொன்றிலிருந்து உருக்குக் கம்பியில் பதியும் கருவியை இரவல் வாங்கி, 'ஸார்' என்ற குணப்படுத்தும் சடங்கில் பெண்கள் பாடுவதைப் பதிவு செய்தார். பிறகு வானொலி நிலையத்து அறைகளின் எதிரொலியைச் சேர்த்தும் சில ஒலிகளை நீக்கியும், குரல் என்றே அடையாளம் தெரியாத ஒரு மிதக்கும் ஒலியாக அதை மாற்றினார். அந்தச் சடங்கு சரியா பிழையா என்பது வேறு விடயம். சத்தத்தைக் களிமண்போலப் பிசையலாம் என்று அத்தனை முன்னதாகவே கண்ட மனிதர்களில் ஒருவர் நைல் நதிக் கரையில் இருந்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொருவர் அமெரிக்காவின் ஸ்டீவ் ரைஷ். சான் பிரான்சிஸ்கோவில் தெருப் போதகர் ஒருவர் நூஹ் நபியின் வெள்ளத்தைப் பற்றி முழங்குவதைப் பதிவு செய்து, 1965 இல் அதில் ஒரு துண்டை இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் சுழலவிட்டார். இரண்டு கருவிகளின் வேகமும் மயிரிழை அளவு வேறுபட்டிருந்தது. முதலில் ஒன்றாக ஒலித்த குரல் மெல்ல மெல்ல விலகி, எதிரொலியாகி, கடைசியில் ஒரு கூட்டமே கத்துவதுபோல ஆகிவிடுகிறது. ஒரே மனிதரின் ஒரே வசனம்தான். இருட்டில் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது.

நான் கணிதப் பிரிவு மாணவி. இந்த இசையில் என்னைப் பிடித்து நிறுத்தியது உண்மையில் ஒரு கணக்குத்தான். ஈனோ 1978 இல் வெளியிட்ட 'விமான நிலையங்களுக்கான இசை'யின் ஒரு பகுதியில் பாடகிகள் பாடிய தனித்தனிச் சுரங்கள் வெவ்வேறு நீளமுள்ள நாடாக்களில் சுழல்கின்றன. ஒன்று இருபத்துமூன்றரைச் செக்கனுக்கு ஒரு தடவை வரும். இன்னொன்று ஏறக்குறைய இருபத்தாறு, மற்றொன்று ஏறக்குறைய முப்பது. நாடாக்கள் மிக நீளமாக இருந்ததால் அவற்றைக் கலையகத்துக் கதிரைக் கால்களைச் சுற்றி ஓடவிட்டார்களாம். ஒவ்வொன்றும் தனியே கேட்டால் சலிப்பூட்டும். ஆனால் அவை சந்திக்கும் விதம் ஒவ்வொரு முறையும் வேறு.

ஆண்டு ஆறில் படித்த பொ.ம.சி.யை நினைத்துப் பாருங்கள். 12 செக்கன் சத்தம் ஒன்றையும் 18 செக்கன் சத்தம் ஒன்றையும் சேர்த்து ஓடவிட்டால், 36 செக்கனில் இரண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் 7, 11, 13 என்ற மூன்று நீளங்களை எடுங்கள். மூன்றும் முதன்மை எண்கள். பெருக்கினால் 1001. அதாவது மூன்று சின்னஞ்சிறு சத்தங்கள் பதினாறு நிமிடமும் நாற்பத்தொரு செக்கனும் ஒரு தடவைகூடப் பழைய அமைப்புக்குத் திரும்பாமல் ஓடும். ஷெஹரஸாத் ஆயிரத்தொரு இரவு கதை சொன்னாள் என்கிறார்கள். மூன்று எண்களாலும் அது முடியும் என்று இணைந்த கணிதக் கொப்பியின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

பிறகு சத்தம் தேடத் தொடங்கினேன். தூரம் போகத் தேவைப்படவில்லை. எங்கள் ஊர் மருதமுனை. கைத்தறிச் சாரத்துக்கும் சாரிக்கும் பெயர் போனது. எங்கள் வளவின் பின்பக்கத் தறிக்கொட்டிலில் மூத்தவாப்பா நெய்துகொண்டிருந்தார். முழங்கால் வருத்தம் கூடிவிட்டதால் இந்த மாரியோடு நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார். கைத்தொலைபேசியைத் துப்பட்டாவில் சுற்றிக் கொட்டில் கப்பில் கட்டிவிட்டேன். துணி சுற்றுவது காற்று மைக்கில் மோதி இரைவதைத் தடுக்க. நாற்பது நிமிடம் பதிந்தேன். மூத்தம்மா நூல் சுற்றும் ராட்டையின் முனகலையும், தகரக் கூரையில் மழையையும், விடியற்காலைக் கடற்கரையில் அலையையும் வேறு வேறு நாட்களில் எடுத்தேன்.

வெட்டி ஒட்டுவதைக் காக்காவின் பழைய கணினியில், 'ஓடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் செய்தேன். இதில் எல்லோரும் முதலில் விழும் குழி ஒன்று உண்டு. சத்தம் ஓர் அலை. அதைக் கண்ட இடத்தில் வெட்டினால், ஒரு முனை மேலேயும் மற்ற முனை கீழேயும் நிற்கும். ஒட்டிச் சுழலவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து உயிரை வாங்கும். அலை பூச்சியக் கோட்டைக் கடக்கும் இடத்தில் இரு முனைகளையும் வெட்டவேண்டும். மழைபோன்ற சத்தத்துக்கு அதுவும் போதாது. முடிவைக் கொஞ்சம் தேய்த்து, தொடக்கத்தை அதன் மேல் மெல்ல ஏற்றவேண்டும், பாய் முடைபவர்கள் ஓலை முடியும் இடத்தில் அடுத்த ஓலையைச் செருகுவதுபோல. ராட்டையின் முனகலைப் பாதி வேகத்துக்குக் குறைத்தேன். வேகம் பாதியானால் மீடிறனும் பாதியாகும். அந்தக் கீச்சுச் சத்தம் ஏதோ பெரிய பிராணி தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. மூத்தம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இது என்ட ராட்டயா? மாடு கத்துற மாதிரியல்லவா கிடக்கு!" என்றார்.

'இசை' என்ற சொல்லை எடுத்ததும் வீட்டில் எழுந்த கேள்வியை உங்களில் பலர் ஊகித்திருப்பீர்கள். சாச்சா நேரடியாகவே கேட்டார், இது ஆகுமா என்று. இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. எனக்கு நானே ஓர் எல்லை வைத்துக்கொண்டேன். எந்த வாத்தியமும் இல்லை, காதில் வந்து விழும் சத்தம் மட்டும். சாச்சா அரை மனதோடு தலையாட்டினார். இரண்டாவது எல்லை வேலையின் நடுவில் வந்தது. தறிப் பதிவொன்றின் பின்னணியில் அஸர் பாங்கு தெளிவாகப் பதிந்திருந்தது. கேட்க அவ்வளவு அழகு. ஆனாலும் அந்தப் பகுதியை நான் தொடவில்லை. பாங்கு என்னை எழுந்து வரச் சொல்லும் அழைப்பு. அதை ஏழு செக்கனுக்கு வெட்டிச் சுழலவிட என் கை போகவில்லை. பாங்கு இல்லாத மருதமுனைப் பின்னேரம் முழுமையான பின்னேரம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் குறை அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

முதல் வடிவத்தில் தறி 7 செக்கன், கடல் 11, ராட்டை 13. ஓர் அலை வந்து உடைந்து மணலில் பின்வாங்கி முடிய அன்றைக்குச் சரியாகப் பதினொரு செக்கன் எடுத்தது. கணக்குக்கு அழகாகப் பொருந்திவிட்ட சந்தோசத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒலிபெருக்கியில் போட்டேன். மூன்று நிமிடம் இருக்கும், உம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டார். பின்னால் போனேன். "கடல்ட சத்தத்த இப்பிடித் திருப்பித் திருப்பிப் போடாத புள்ள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 இல் நான் பிறந்திருக்கவில்லை. உம்மா அந்தக் காலையில் கடற்கரைத் தெருவில் இருந்தவர். எங்கள் குடும்பத்தின் முதல் தறியைக் கடல் கொண்டுபோனது. இப்போதிருந்தது அதற்குப் பிறகு செய்வித்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்திருந்தும், இணையத்தில் கிடக்கும் 'மனதை அமைதிப்படுத்தும் கடல் அலை' ஒலிப்பதிவுகளை வருடக்கணக்கில் கேட்டுப் பழகியதால், கடல் என்றால் அமைதி என்று எவரோ எழுதியதை நானும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டேன். இயற்கைச் சத்தத்தைப் பின்னணியில் போடும்போது அது யாருக்குப் பின்னணி என்று கேட்கவேண்டியிருக்கிறது. எங்கள் கரையில் இருபத்தைந்து வயதைக் கடந்த எவருக்கும் அது வெறும் பின்னணி என்று என்னால் சொல்ல முடியாது. கடலை நீக்கிவிட்டு அந்த 11 செக்கனில் தகரக் கூரை மழையை வைத்தேன்.

இதே நாட்களில்தான் பேர்னி க்ராஸ் பற்றி வாசித்தேன். 1963 இல் 'த வீவர்ஸ்' என்ற அமெரிக்கப் பாடல் குழுவில் சேர்ந்தவர். அந்தப் பெயரின் பொருள் நெசவாளர்கள் என்பதில் எனக்கொரு தனிச் சந்தோசம். பிற்பாடு பாட்டை விட்டுவிட்டுக் காடுகளின் சத்தத்தைப் பதிவதே வாழ்க்கையாகிப்போனவர். ஓர் இடத்தின் சத்தத்தை அவர் மூன்றாகப் பார்க்கிறார். காற்று, நீர், இடி போன்ற பூமியின் ஒலி. பறவை, பூச்சி, விலங்கு என்ற உயிர்களின் ஒலி. மனிதர் எழுப்பும் ஒலி. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற இடத்தை அவர் 1988 இல் பதிவு செய்தார். பிறகு அங்கே மரம் வெட்டினார்கள், காட்டை அழிக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரிந்தெடுத்து. அடுத்த வருடம் அதே காலத்தில் போய்ப் படம் எடுத்தால் காடு அப்படியே இருக்கிறது. பதிவைக் கேட்டால் பறவைக் கூட்டம் போய்விட்டது. ஓடை ஓடும் சத்தமும் ஒரு மரங்கொத்தி தட்டும் சத்தமும்தான் மிச்சம். கண்ணுக்குத் தெரியாத இழப்பைக் காது கண்டுபிடித்தது.

எங்கள் மாகாணத்திலும் காதுக்கு மட்டும் தெரியும் ஒன்று உண்டு. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன். 1848 செப்டெம்பரில் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் படகில் போய் அதைக் கேட்டு எழுதிவைத்தார். ஒரே நீண்ட ராகமாக அல்லாமல், தனித்தனியான எண்ணற்ற சிறு ஒலிகள் சேர்ந்து எழுந்தனவாம். படகின் விளிம்பில் காதை வைத்தபோது அவை இன்னும் பலமாகக் கேட்டனவாம். அதைப் பாடுவது ஊரி என்று அங்குள்ளவர்கள் அவருக்குச் சொன்னார்கள். மீனா ஊரியா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. வெவ்வேறு நீளத்தில் சுழலும் சிறு ஒலிகளின் கூட்டம் என்றால் அது ஈனோவின் கணக்குத்தானே என்று நினைத்து, ஒரு போயா இரவில் வாப்பாவை நச்சரித்துக் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். 2013 இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் போய்க்கொண்டேயிருந்தன. பழைய பாலத்தில் நின்று ஒரு மணித்தியாலம் பதிந்தோம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்துக் கேட்கவேண்டும் என்பார்கள். எங்களிடம் படகும் இல்லை, துடுப்பும் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் லொறியும், கடலை விற்பவரும், "போவமா மகள்?" என்று வாப்பா நாலு தடவை கேட்பதும்தான் இருந்தது.

பெருநாளைக்கு முன் தறியைக் கழற்றினார்கள். அன்றிரவு தறி, மழை, ராட்டை என்ற மூன்று சத்த வடிவத்தை மூத்தவாப்பாவின் காதில் ஹெட்செட்டைப் போட்டுக் கேட்கவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது தறி நெய்யிற சத்தமில்ல புள்ள."

"ஏன் மூத்தவாப்பா? உங்கட தறிதானே?"

"ஒரு நூலும் அறேல்லயே. நூல் அறாத தறி எங்க கிடக்கு?"

அமெரிக்கரான வில்லியம் பசின்ஸ்கி 2001 இல், தான் இருபது வருடங்களுக்கு முன் செய்த ஒலிநாடா வட்டங்களைக் கணினிக்கு மாற்ற முயன்றார். நாடா பழுதாகியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல் பூசிய இரும்புத் துகள் உதிர, இசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அழிந்தது. அவர் நிறுத்தாமல், அந்தத் தேய்வையே ஆக்கமாகப் பதிந்துகொண்டார். என் ஏழு செக்கனோ கணினிக்குள் கோடித் தடவை சுழன்றாலும் தேயாது. தேயாததால்தான் அது மூத்தவாப்பாவின் காதுக்குப் பொய்யாக இருந்தது என்று நினைக்கிறேன்.

நல்ல வேளையாக நாற்பது நிமிடப் பதிவை அழிக்கவில்லை. இனி எடுக்கவும் முடியாது. முழுவதையும் திரும்பக் கேட்டேன். மூத்தவாப்பா இருமுவது, "தண்ணி கொஞ்சம் தாங்க" என்று மூத்தம்மாவைக் கூப்பிடுவது, நூல் அறுந்து தறி நிற்பது எல்லாம் அதில் இருந்தன. கழிவு என்று நான் வெட்டி எறிந்தவை அவைதான். இருபத்துமூன்றாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தறி ஓடி, நூல் அறுந்து, ஒன்பது செக்கன் நின்று, மறுபடி ஓடுகிறது. 7 செக்கனைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்திலிருந்து 61 செக்கனை எடுத்தேன். 61 உம் முதன்மை எண்தான். 61, 11, 13 சேர்ந்தால் மறுபடி தொடங்கிய இடத்துக்கு வர இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் இருபத்துமூன்று செக்கன். என் ஆயிரத்தொரு செக்கன் போய்விட்டது. கொப்பியில் எழுதியதை வெட்டவில்லை.

தறி நிற்கும் அந்த ஒன்பது செக்கனுக்குள் சில சுற்றில் மழைத் துளிகள் விழும், சில சுற்றில் ராட்டை முனகும். எப்போதாவது இரண்டும் ஐந்தாறு செக்கன் விலகி நிற்கும். அப்போது, கொட்டில் சுவருக்கு அப்பால் மிகத் தூரத்தில், நான் பதிய நினைக்காமலே பதிந்த கடல் கேட்கிறது. முதலில் கவனித்தபோது உடனே உம்மாவைப் பார்த்தேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "அது எங்கட வீட்டுக்குள்ள எப்பவும் கேக்குறதுதானே" என்றார்.

மூத்தவாப்பா மக்ரிபுக்குப் பிறகு சில நாட்களில் இதைக் கேட்கிறார். தறி நின்றதும் அவருடைய வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உரசித் திரும்புகின்றன. நூலுக்கு முடிச்சுப் போடுகிறார்.